உட்சென்று திரும்பாத துகள்கள்



பெற்றோமக்ஸ் விளக்கை அறியாத மூத்தவர் நம்மிடையே இலர். கோயில் திருவிழாவிலும், கலியாண வீட்டிலும், செத்த வீட்டிலும் அது இரைந்துகொண்டு எரிந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றிருந்த 1990ஆம் ஆண்டுகளிலே, மண்ணெண்ணெய் கைக்கெட்டிய நாட்களில், பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் பலர் அதன் ஒளியைச் சுற்றியே கூடியிருந்தனர். அவ்விளக்கின் நடுவே தொங்கும் மென்ரில் என்னும் சிறு வலைப்பையை முதன்முறை கொளுத்தியவர்கள், நூல் எரிந்து போனபின் வெள்ளைச் சாம்பற்கூடு ஒன்று எஞ்சுவதையும், விரல் பட்டால் அது பொடியாய் உதிர்வதையும் கண்டிருப்பர். நெடுங்காலமாக அந்த வெண்சாம்பலிற் பெரும்பங்கு தோரியம் ஓட்சைட்டு என்னும் பொருளாகவே இருந்தது. நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஓட்சைட்டும் ஒரு பங்கு சீரியம் ஓட்சைட்டும் சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி பிறக்குமென்பதை 1891ஆம் ஆண்டளவில் நிலைநாட்டியவர் ஓஸ்திரிய நாட்டு இரசாயன அறிஞர் அவர் ஃபொன் வெல்ஸ்பாக் என்பவர்.

விளக்கைப் பற்றிப் பேசுவது இன்று என் நோக்கமன்று. இதே தோரியம் ஓட்சைட்டை மிக மிக நுண்ணிய துகளாக்கி, நீரிற் கலந்து, நோயாளரின் குருதிக் குழாய்களினுள்ளே செலுத்திய ஒரு காலம் இருந்தது. அக்கதையையே சொல்ல வந்தேன். இக்காலத்தில் நனோ வைத்தியம் என்று பலரும் பேசுகின்றனர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். அத்தகைய அளவில் அமைந்த துகள்களால் உடலின் உள்ளுறுப்புகளைப் படம் பிடிப்பதும், மருந்தை உரிய இடத்திற் சேர்ப்பதும் இந்த நூற்றாண்டின் புதுமை என்று எண்ணுவோர் உளர். வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு அவ்வெண்ணம் பொருத்தமாகத் தோன்றவில்லை. அதன் முதற்பெரும் அத்தியாயம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. நான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவனல்லன். ஆதலின் இதனை மனிதர் வரலாறாகவே சொல்வேன்.

ரொன்ற்கன் 1895இல் எக்ஸ்-கதிரைக் கண்டபின் என்பு முறிவைக் காண்பது எளிதாயிற்று. ஆயின் மூளையும் ஈரலும் குருதிக் குழாய்களும் அக்கதிருக்கு ஏறக்குறைய ஒரே தன்மையன. படத்தில் அவை ஒன்றிலொன்று கரைந்துவிடும். கதிரை மறிக்கும் பொருளொன்றைக் குருதியிற் கலந்தாலன்றி அவற்றின் வடிவம் தெரியாது. லிஸ்பன் நகரத்து வைத்தியப் பேராசிரியர் எகாஸ் மொனிஸ் 1927இல் சோடியம் அயடைட்டுக் கரைசலைக் கழுத்து நாடியிற் செலுத்தி, உயிருள்ள மனிதனின் மூளை நாடிகளை முதன்முதலாகப் படமாக்கினார். அது பெருஞ்சாதனையே. எனினும் அக்கரைசல் நோயாளிக்குக் கடும் வேதனை தந்தது, குழாய்களை உறுத்தியது, படமும் தெளிவாக அமையவில்லை. அவர் மேலான பொருளொன்றைத் தேடினார்.

அப்பொருளை ஜேர்மனியிலே ஹைடன் என்னும் இரசாயனக் கம்பனி ஆயத்தமாக்கியிருந்தது. தோரியம் மூலகங்களின் வரிசையில் 90ஆவது, கனத்தது, எக்ஸ்-கதிரை நன்கு மறிப்பது. அதன் ஓட்சைட்டு நீரிற் கரையாது. கரையாத பொருளைக் குருதியில் விடுவது எப்படி? மூன்று முதல் பத்து நனோமீற்றர் அளவிலான துகள்களாக அதை ஆக்கி, மாப்பொருளிலிருந்து பெறப்படும் டெக்ஸ்ரினால் அத்துகள்களைப் போர்த்தனர். அவ்வாறு போர்த்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியிற் படியாமல் நீரில் மிதந்து நிற்கும். கரைசலுமன்றி வண்டலுமன்றி நிற்கும் இத்தகைய நிலைக்குத் தோமஸ் கிரகாம் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1861இலேயே தனிப்பெயர் வைத்திருந்தார். நாம் கூழ்நிலை என்கிறோம். இப்புதிய கூழ்மருந்துக்குத் தோரோட்ராஸ்ற் என்பது பெயர். 1931இல் மொனிஸ் அதனைக் கையாளத் தொடங்கினார். நோயாளிக்கு வேதனையில்லை, மூளையின் நாடிகள் மரத்தின் கிளைகள்போல் விரிந்து படத்திலே தெளிவாகத் தெரிந்தன. கட்டியொன்று வளர்ந்து நாடியை ஒதுக்கியிருந்தால் அந்த ஒதுக்கமும் தெரிந்தது.

இதற்குச் சற்று முன்னரே, 1929ஆம் ஆண்டளவில், யப்பானில் ஓகா என்பவரும் ஜேர்மனியில் ராட் என்பவரும் தனித்தனியே வேறோர் உண்மையைக் கண்டிருந்தனர். தோரியக் கூழை நாளத்திற் செலுத்திச் சில நாள் பொறுத்திருந்தால் ஈரலும் மண்ணீரலும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் முழுவடிவில் எழுந்து நிற்கும். காரணம் யாது? ஈரலின் நுண்குழாய்களின் ஓரத்தே, குருதியில் வரும் அந்நியப் பொருள்களைப் பிடித்து விழுங்குவதற்கென்றே சில கலங்கள் உள்ளன. 1876இல் அவற்றை விவரித்த குப்ஃபர் என்பவரின் பெயராலேயே அவை வழங்குகின்றன. மண்ணீரலிலும் என்புமச்சையிலும் அவற்றின் உறவினம் உண்டு. கிருமி வந்தாலும், சிதைந்த குருதிக் கலம் வந்தாலும், அவை ஊர்க்காவலர்போல் பிடித்துக்கொள்ளும். தோரியத் துகளும் அவ்வாறே பிடிபட்டது. உட்சென்ற தோரியத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதம் ஈரலிலும், முப்பதுக்குச் சற்றுக் குறைவாக மண்ணீரலிலும், பத்துக்கு அண்மையாக என்புமச்சையிலும் தங்குமெனப் பிற்கால அளவீடுகள் காட்டின.

கிருமியைப் பிடித்த கலம் அதைச் செரித்துவிடும். தோரியம் ஓட்சைட்டையோ செரிக்க இயலாது. வெளியேற்றவும் வழியில்லை.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பிலே ஆசிரியர் வராத பாடவேளையொன்றில் இக்கதையை நான் இவ்வளவில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “படம் எடுத்து முடிஞ்ச பிறகு அந்தத் தூள் எங்கே போகும், சேர்?” என்று கேட்டாள். அக்கேள்வி 1930ஆம் ஆண்டுகளிற் கேட்கப்படாமல் இருக்கவில்லை. அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் மருந்துக் குழு 1932இலேயே, உடலிலே தங்கிவிடும் கதிர்த்தொழிற்பாடுள்ள பொருள் என்ற காரணத்தால், தோரோட்ராஸ்றை ஏற்க மறுத்தது. தோரியம் கதிர்வீசுவதை மேரி கியூரியும் ஷ்மித் என்பவரும் 1898இலேயே கண்டிருந்தனர். தோரியத்திலிருந்து பிறக்கும் வழித்தோன்றற் பொருள்கள் அதனினும் வேகமாகக் கதிர்வீசுவன என்பதும் அறிந்ததே.

இவ்விடத்தில் நம் நாட்டின் பெயரும் வருகிறது. சப்பிரகமுவையில் பலாங்கொடையை அண்டிய இரத்தினக்கல் மண்ணிலே கரியதும் கனமானதுமான கனிமமொன்று கிடைத்து வந்தது. அக்காலத்தில் இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை வகித்தவர், பின்னாளிற் கலை வரலாற்றறிஞராக உலகப்புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி. அவரது பணிக்காலத்திலேயே, 1904இல், அது புதுக் கனிமமென அறியப்பட்டுத் தோரியனைட்டு எனப் பெயர் பெற்றது. அதன் பெரும்பகுதி தோரியம் ஓட்சைட்டே. லண்டனில் சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய இளைஞர் ஒற்றோ ஹான், இலங்கையிலிருந்து சென்ற அக்கனிமத்திலிருந்தே 1905இல் ரேடியோதோரியம் என்னும் கதிர்வீசும் பொருளைப் பிரித்தெடுத்தார். தோரோட்ராஸ்ற் ஏற்றப்பட்டவரின் ஈரலிலே ஆண்டுதோறும் பிறந்துகொண்டிருந்த வழித்தோன்றல்களுள் அதுவும் ஒன்று. சிவனொளிபாத மலைத்தொடரின் அடிவாரத்துக் கல்லொன்று கால் நூற்றாண்டு முன்னரே உலகுக்குச் சொல்லிவிட்ட செய்தி அது.

செய்தி அறியப்பட்டிருந்தும் ஊசி நிற்கவில்லை. கடிகார முகப்பில் ரேடியம் கலந்த மையைப் பூசிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள், தூரிகை நுனியை உதட்டிலே கூராக்கியதால் தாடை அழுகி இறந்த கதை 1920ஆம் ஆண்டுகளிலேயே வெளிவந்தது. ரேடியம் கலந்த நீரைப் புத்துணர்ச்சி மருந்தென்று போத்தல் போத்தலாகக் குடித்த ஏபன் பையர்ஸ் என்னும் செல்வர் 1932இல் இறந்தார். அதே பத்தாண்டிலே தோரோட்ராஸ்ற் ஐரோப்பாவெங்கும் யப்பானிலும் பரவிக்கொண்டிருந்தது. உலகெங்கும் அது ஏற்றப்பட்டோர் தொகையை 25 இலட்சம் என்றும் அதற்கு மேலென்றும் மதிப்பிடுவர்.

அன்றைய வைத்தியர் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. மூளையிற் கட்டியென்று ஐயுறும் சத்திரசிகிச்சையாளர், படம் இல்லையேல் மண்டையோட்டின் எப்பக்கத்தைத் திறப்பதென்றே அறியார். நோயாளி வாரக்கணக்கில் இறக்கக்கூடும். தீங்கோ இருபது ஆண்டு கழித்து வரலாம், வராமலும் விடலாம். அத்தராசில் நானும் ஊசியையே தெரிந்திருப்பேன் என அஞ்சுகிறேன். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத சிறுநோய்க்கும், முகக்குடாக்களையும் சிறுநீர்ப் பாதையையும் பார்ப்பதற்கும் அதே பொருளை வார்த்தனரே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? ஊசி போட்ட அன்று ஒருவரும் முனகவில்லை, ஒருவருக்கும் காய்ச்சல் காயவில்லை என்பதே அதன் நற்சான்றிதழாகிவிட்டது.

1947இல் அமெரிக்க நோயியலாளர் மூவர், தோரோட்ராஸ்ற் ஏற்றப்பட்டவரின் ஈரலிலே குருதிக்குழாய்ச் சுவரிலிருந்து எழுந்த அரிய புற்றுநோயொன்றை விவரித்து எழுதினர். பின்னர் அத்தகைய செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. 1950ஆம் ஆண்டுகளில் அம்மருந்து பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆயின் மருந்தை நிறுத்தலாம். உடலினுள்ளே போனதை நிறுத்தல் இயலாது. தோரியம் வீசும் அல்பாத் துணிக்கை தசையினூடே ஒரு மயிரின் பருமனளவு தூரமே செல்லும். அதனாலேயே வெளியிலிருந்து வரும்போது தோலைக்கூடக் கடக்காது. உள்ளேயிருந்து வீசும்போதோ, அருகிலுள்ள அதே கலங்களை இரவு பகலாக, இருபது முப்பது ஆண்டு தொடர்ந்து தாக்கும். தோரியம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு செல்லும். மனித ஆயுளுக்கு அது குறைவதே இல்லை எனலாம்.

அதன்பின் நடந்தது வைத்திய வரலாற்றிலே மிகப் பொறுமையான பணிகளுள் ஒன்று. டென்மார்க்கிலே ஏறத்தாழ ஆயிரம் பேரின் பெயர்களை வைத்தியசாலைப் பழம்பதிவேடுகளிலிருந்து எடுத்து, அவர்கள் இறக்குமட்டும் தொடர்ந்தனர். மொனிஸின் சொந்த நாடாகிய போர்த்துக்கலிலும், போரிற் காயமுற்ற வீரர்களுக்கு அது ஏற்றப்பட்டிருந்த யப்பானிலும் அவ்வாறே செய்தனர். ஜேர்மனியில் 2,300க்கு மேற்பட்டோர், ஊசி பெறாத இன்னொரு தொகுதியினரோடு ஒப்பிடப்பட்டனர். ஊசி பெற்றோருள் 400க்கும் அதிகமானோருக்கு ஈரற் புற்றுநோய் கண்டது; ஒப்பீட்டுத் தொகுதியிலோ கைவிரல் கொண்டு எண்ணத்தக்க சிலருக்கே. ஒருவர் உடலில் எவ்வளவு தோரியம் உள்ளதென்று அறிய ஆய்வாளர் கையாண்ட வழிகளுள் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. தோரியத்தின் வழித்தோன்றல்களுள் தோரன் என்பது வாயு. அது குருதி வழியே சுவாசப்பைக்கு வந்து மூச்சிலே கலக்கும். ஆதலால் அந்நோயாளரை மூச்சு விடச் செய்து அம்மூச்சை அளந்தனர். தம் மூச்சே கதிர்வீசுவதென்பதை அறிந்த அம்மனிதர் வீடு சென்று என்ன எண்ணியிருப்பர்!

இனி, மருந்தேற்றும் துகளின் கதைக்கு வருவோம். நோயை மட்டும் தாக்கி நோயாளியைத் தீண்டாத மந்திரக் குண்டு ஒன்று வேண்டுமென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போல் ஏர்லிக் கனவு கண்டார். அக்கனவுக்கு ஓர் உடல் கிடைத்தது 1960ஆம் ஆண்டுகளில். கேம்பிரிட்ஜுக்கு அண்மையிலுள்ள பாப்ரகாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்ஹாம் என்பவரும், அவருடன் ஹோர்ன் என்பவரும், முட்டை மஞ்சட்கருவில் உள்ளதுபோன்ற கொழுப்பை நீரிற் கலக்கி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தனர். கொழுப்புத் தானாகவே படலம் படலமாய்ச் சுருண்டு, உள்ளே நீரை அடக்கிய நுண்குமிழ்களாகியிருந்தது. அக்கட்டுரை 1964இல் வெளிவந்தது. அக்குமிழ்களே லிப்போசோம் எனப்படுவன. 1971இல் லண்டனிலே கிரகோரி கிரகோரியாடிஸ், பிரெண்டா ரைமன் என்னும் இருவர் குமிழினுள்ளே நொதியத்தை அடைத்து எலிகளின் குருதியில் விட்டனர்.

குமிழ்கள் எங்கே போயின? ஈரலுக்கும் மண்ணீரலுக்குமே போயின. தோரியம் போன அதே பாதை. துகள் எதனால் ஆனது, அனுப்பியவர் எந்நோக்கத்தோடு அனுப்பினார் என்பனவற்றை அக்காவற் கலங்கள் விசாரிப்பதில்லை.

பின்வந்த இருபது ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி இக்காவலைக் கடக்கும் வழியைத் தேடியதே. டொக்ஸோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து வலியது. ஆனால் அளவு கூடினால் இருதயத் தசையைக் கெடுப்பது. அதைக் குமிழில் அடைத்தால் இருதயத்தைக் காக்கலாமென்று ஜெரூசலத்தில் பேரன்ஹோல்ஸ், கபிசோன் என்போர் முயன்றனர். அவர்களுடைய முதற்குமிழ் ஈரலிலே சிக்கியதாலும் மருந்தைக் கசியவிட்டதாலும் பயன் தரவில்லை. தோற்றதை மறைக்காது பின்னாளில் அவர்களே எழுதிவைத்திருப்பது பாராட்டத்தக்கது. அதன்பின், பொலிஎதிலீன் கிளைக்கோல் என்னும் நீர்விரும்பும் நார்களைக் குமிழின் மேலே புற்போல் நட்டனர். அப்புல்லைச் சுற்றி நீர் சூழ்ந்துகொள்வதால் காவற் கலம் குமிழை எளிதில் இனங்காண்பதில்லை. அவ்வாறு அமைந்த, நூறு நனோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த குமிழ் மருந்தாகிய டொக்ஸில், 1995இல் ஐக்கிய அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. நாட்கணக்கில் அது குருதியிற் சுற்றும். புற்றுக் கட்டியின் ஒழுகும் நாளங்களூடே கசிந்து அங்கே தங்கும். இருதயம் பெரிதும் தப்பியது. ஆயின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரியும் புதிய உபாதையொன்று பலருக்குக் கண்டது. நெடுநேரம் சுற்றுவதன் விலை அது. மருந்து தோலின் நுண்நாளங்களையும் சென்றடைந்துவிட்டது.

இக்குமிழ்களின் உறவினமான கொழுப்புத் துகள்களுள் அடைத்த கொரோனாத் தடுப்பூசியை 2021இல் நம் நாட்டிலும் பலர் கையில் ஏற்றுக்கொண்டோம். அக்கதை யாவரும் அறிந்ததாகையால் அதை விட்டு, பீகாருக்குச் செல்வோம்.

காலா-அசார் என்னும் கருங்காய்ச்சல் அங்கே ஏழைகளின் நோய். மணல் ஈ கடிப்பதால் வரும் அந்நோயின் ஒட்டுண்ணி வேறெங்கும் குடியிருப்பதில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் என்புமச்சையிலும் உள்ள அந்தக் காவற் கலங்களின் வயிற்றினுள்ளேதான் பெருகும். கள்வன் காவலனின் வீட்டிலேயே ஒளிந்திருப்பதைப் போன்றது. அம்ஃபொற்றெரிசின் என்னும் மருந்து அதைக் கொல்லும். ஆனால் சிறுநீரகத்தை வருத்தும். ஒன்றுவிட்டொரு நாளாகப் பதினைந்து முறை ஏற்ற வேண்டும். கூலிவேலை செய்பவன் ஒரு மாதம் வைத்தியசாலையிற் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. இம்மருந்தைக் கொழுப்புக் குமிழில் அடைத்தபோது, புல் நட்டு மறைக்கவேண்டிய தேவையே எழவில்லை. ஈரலே பிடிக்கட்டும், மண்ணீரலே விழுங்கட்டும் என்று விட்டனர். விழுங்கிய கலத்தினுள்ளேயே பகைவன் இருந்தான். பீகாரில் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. குமிழ் மருந்தை ஒரேயொரு முறை ஏற்றியோருள் ஆறு மாதத்தின்பின் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டோர் குணமடைந்திருந்தனர். பதினைந்து முறை ஏற்றியோருக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ அதே பலன்தான். தோரோட்ராஸ்ற் நோயாளரைக் கொன்ற அந்த உடலியல்பே இங்கே உயிர் காத்தது. காலா-அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடென 2023இல் உலக சுகாதார நிறுவனம் வங்காளதேசத்தை அறிவித்தது. அந்நாட்டுப் போராட்டத்திலும் இக்குமிழ் மருந்துக்குப் பங்குண்டு.

ஈரலைப் படம் பிடிக்கும் ஆசையும் மறைந்துவிடவில்லை. காந்தப் புலத்தால் உடலைப் படமெடுக்கும் எம். ஆர். ஐ. கருவி வந்தபின், இரும்பு ஓட்சைட்டுத் துகளைச் சர்க்கரை இனத்ததாகிய டெக்ஸ்ரானாற் போர்த்து நாளத்திற் செலுத்தினர். ஃபெரிடெக்ஸ் என்னும் அம்மருந்து 1996இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செயன்முறை முழுவதும் ஓகாவும் ராடும் கண்டதே: குப்ஃபர் கலங்கள் துகளை விழுங்கும், நல்ல ஈரல் படத்திற் கருமையாகும், அக்கலங்கள் அற்ற புற்றுக்கட்டி வெளிறித் தோன்றும். போர்வைகூட ஏறக்குறைய அதே குடும்பம். உள்ளேயிருந்த உலோகம் மட்டுமே வேறு. இரும்பு உடலுக்கு அந்நியமன்று. குப்ஃபர் கலம் பழைய செங்குருதிக் கலங்களை உடைத்து அவற்றின் இரும்பை மீட்பதை அன்றாடத் தொழிலாகவே செய்து வருகிறது. அதே தொழிலை இத்துகளுக்கும் செய்தது. படம் எடுத்துச் சில வாரங்களுள் அவ்விரும்பு புதிய குருதியிற் சேர்ந்துவிடும்.

ஃபெரிடெக்ஸின் உற்பத்தி 2008இல் நின்றது. அதை நாடியோர் குறைந்துவிட்டனர். அதன் இனத்ததாகிய ஃபெருமொக்ஸிற்றோல் என்னும் இன்னொரு இரும்புத் துகள், சிறுநீரக நோயாளரின் குருதிச்சோகைக்கு மருந்தாக 2009இல் அனுமதி பெற்றது. படம் பிடிக்கும் வைத்தியர் சிலர் அதனையே எம். ஆர். ஐ. அறையிலும் கையாளுகின்றனர்.